காப்பகத்துக்குள் மவுண்டன் பைக்குக்கு முறையான தடம்: கேட்டு வாங்குவது எப்படி?

பக்கத்தில் ஒரு இயற்கைக் காப்பகம் இருக்கிறது. உள்ளே யாரோ எப்போதோ வெட்டிய தடங்கள், வார இறுதியில் அவற்றில் ஓடும் மவுண்டன் பைக்குகள், அதாவது மலைத் தடங்களில் ஓட்டும் சைக்கிள்கள். ஒரு நாள் காலையில் போனால் நுழைவாயிலில் ‘சைக்கிளுக்கு அனுமதி இல்லை’ என்று புதுப் பலகை நிற்கிறது. தடத்தின் குறுக்கே மரங்களை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். வாட்ஸ்அப் குழு கொந்தளிக்கிறது. இரண்டு பேர் மனு எழுதலாம் என்கிறார்கள். நான்கு பேர், ராத்திரியோடு ராத்திரியாக மரத்தை இழுத்துப் போட்டுவிட்டு ஓட்டலாம் என்கிறார்கள்.

இந்த வழிகாட்டி அந்த இரண்டு பேருக்கானது. ஆனால் மனு மட்டும் போதாது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். காப்பகத்தை நிர்வகிப்பவர் உங்களிடம் வாய்விட்டுக் கேட்காத ஒரு கேள்வி உண்டு: தடம் திறந்த மூன்றாவது வருஷம், படம் எடுத்துப் போட்டவர்கள் எல்லாம் வேறு பக்கம் போன பிறகு, இதை யார் பார்த்துக்கொள்வார்கள்? அதற்கு நம்பும்படியான பதில் வைத்திருக்கிற குழுவோடுதான் பேச்சு நகரும். கீழே வருகிற வேலைகள் எல்லாமே அந்தப் பதிலைத் தயார் செய்கிற வேலைகள். ஒன்றிலிருந்து இரண்டு வருஷம் ஆகும் என்று வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

முதலில் மண்வெட்டியைக் கீழே வையுங்கள்

பேச்சு தொடங்கும் நாளிலிருந்து திருட்டுத் தடம் வெட்டுவது நிற்க வேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான படி. வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் கூட்டத்துக்கு வருவதில்லை. ஆனால் மண் வேலையில் நல்ல கை அவர்களுடையதுதான். அவர்களைத் தேடிப் போய்ப் பேசுங்கள். காட்டிக்கொடுப்பேன் என்று மிரட்டினால் வேறு சரிவுக்குப் போய்விடுவார்கள், அவ்வளவுதான். ‘நாளைக்குச் சட்டப்படி வெட்டும்போது வடிவமைப்பு உங்கள் பொறுப்பு’ என்று சொன்னால் பாதிப் பேராவது காத்திருப்பார்கள். நீங்கள் அதிகாரி முன்னால் உட்கார்ந்திருக்கும் அதே வாரத்தில் ஒரு புது ஜம்ப் (வண்டியோடு தாவுவதற்கான மண்மேடு) முளைத்தால், அதைக் கட்டியது நீங்கள் இல்லை என்பதை யாரும் நம்பப் போவதில்லை.

இந்தச் சண்டை மவுண்டன் பைக் அளவுக்கே பழையது. கலிஃபோர்னியாவின் மரின் பகுதியில் 1970களில் பழைய கனமான சைக்கிள்களை மலைக்கு ஏற்றி இறங்கியவர்கள்தான் இந்த விளையாட்டுக்கு வடிவம் கொடுத்தார்கள். 1976இல் தொடங்கிய ‘ரீபேக்’ பந்தயங்கள் அங்கேதான் நடந்தன. அடுத்த பத்து வருஷத்துக்குள் அதே மாநிலத்தில் ஒற்றையடித் தடங்கள் ஒவ்வொன்றாகச் சைக்கிளுக்கு மூடப்பட்டன. அதற்கு எதிர்வினையாக 1988இல் அங்கிருந்த 5 உள்ளூர்க் கழகங்கள் சேர்ந்து ஆரம்பித்ததுதான் சர்வதேச மவுண்டன் பைசிக்கிளிங் சங்கம், சுருக்கமாக இம்பா. திறந்த தடத்தில் மட்டும் ஓட்டு, சுவடு விடாதே, வண்டியைக் கட்டுக்குள் வை, வழி விடு, விலங்குகளை மிரட்டாதே, திட்டமிட்டுப் போ என்று அது வகுத்த விதிகளைத்தான் இன்றும் பல நாட்டுப் பலகைகளில் பார்க்கிறோம். முதல் விதியே திறந்த தடத்தைப் பற்றியது என்பதைக் கவனியுங்கள். வீம்பு பண்ணி எதுவும் கிடைக்காது என்பது அவர்களுக்கு அப்போதே தெரிந்திருந்தது.

நிலம் யாருடையது, விதி என்ன

ஒரே காடு போலத் தெரியும் இடத்தில் மூன்று நான்கு பேரின் நிலம் இருக்கலாம்: வனத்துறை, உள்ளாட்சி, குடிநீர் வாரியம், நடுவில் ஒரு தனியார் துண்டு. நில வரைபடத்தை வாங்கி, இப்போதிருக்கும் தடங்களை அதன் மேல் போட்டுப் பாருங்கள். தடத்தின் ஒரு வளைவு மட்டும் வேறொருவர் நிலத்தில் கிடப்பது அடிக்கடி நடக்கிற விஷயம். அதைக் கடைசிக் கூட்டத்தில் தெரிந்துகொள்வதை விட முதல் வாரத்தில் தெரிந்துகொள்வது நல்லது.

அடுத்தது சட்டம். இது நாட்டுக்கு நாடு தலைகீழாக மாறும். அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டுச் சட்டப்படி ‘வனாந்தரம்’ என்று அறிவிக்கப்பட்ட நிலங்களில் சைக்கிளுக்கு இடமே இல்லை. அந்த நாட்டு வனத்துறை 1984இல் தன் விதிகளில் அதைச் சந்தேகமில்லாமல் எழுதிவிட்டது. இங்கிலாந்தில் 1968 முதல் குதிரைப் பாதைகளில் சைக்கிள் ஓட்டும் உரிமை உண்டு, நடப்பதற்கென்று உள்ள பாதைகளில் அந்த உரிமை கிடையாது. ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் பெரும்பாலான நிலங்களில் பொறுப்போடு நடக்கவும் ஓட்டவும் உரிமை தருகிறது; ஆனால் அங்கேயும் புதிதாகத் தடம் வெட்ட நிலத்துக்காரரின் சம்மதம் வேண்டும். ஓட்டும் உரிமை வேறு, வெட்டும் உரிமை வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு கூட்டத்தில் உரிமை முழக்கம் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதிகாரி சட்டப் பிரிவைப் படித்துக் காட்டியதும் பேச்சு அங்கேயே முடிந்தது.

உங்கள் காப்பகத்துக்கு ஒரு மேலாண்மைத் திட்டம் இருக்கும். அதைத் தேடி எடுத்து முழுதாகப் படியுங்கள். ‘சைக்கிள் கூடாது’ என்று எழுதியிருக்கிறதா, அல்லது சைக்கிளைப் பற்றி ஒன்றுமே இல்லையா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் உங்கள் வேலை பாதியாகக் குறையும். அந்தத் திட்டம் அடுத்து எப்போது திருத்தப்படும் என்ற தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பொதுமக்கள் கருத்து கேட்கும் சில வாரங்கள் அப்போதுதான் வரும். தவறவிட்டால் அடுத்த சுற்றுக்குப் பல வருஷம் காத்திருக்க வேண்டியதுதான்.

ஐந்து பேர், ஒரு பெயர்

ஐந்நூறு பேர் உள்ள வாட்ஸ்அப் குழுவை அமைப்பு என்று சொல்ல முடியாது. ஐந்து பேர், ஒரு பெயர், ஒரு வங்கிக் கணக்கு, ஒரு மின்னஞ்சல் முகவரி போதும். முடிந்தால் பதிவு செய்துகொள்ளுங்கள். பொறுப்புக் காப்பீடும் ஒப்பந்தமும் ஒரு அமைப்பின் பெயரில்தான் போட முடியும், ஆர்வலர் கூட்டத்தின் பெயரில் போட முடியாது. ஐந்து பேரில் ஒருவராவது கடிதம் எழுதத் தெரிந்தவராக இருக்கட்டும், இன்னொருவர் கோபம் வராதவராக இருக்கட்டும். அதிகாரியிடம் பேசும் வாய் ஒன்றாகவே இருக்க வேண்டும். மூன்று பேர் தனித்தனியாகப் போன் செய்து மூன்று விதமாகக் கேட்டால் அவர் மூன்று பேரையும் தவிர்ப்பார்.

தடத்தை நடந்து பாருங்கள்

ஆமாம், நடந்து. வண்டியில் போனால் தடத்தின் குற்றங்கள் கண்ணில் படாது.

ஜி.பி.எஸ். போட்டு ஒவ்வொரு தடத்தையும் பதிவு செய்யுங்கள். நீங்களே வெட்டிய திருட்டுத் தடத்தையும் சேர்த்துத்தான். எங்கே அரிப்பு, எங்கே நீர் தேங்குகிறது, எங்கே ஓடையைக் கடக்கிறது, எங்கே நடப்பவர்கள் எதிரே வருகிறார்கள் என்று படத்தோடு குறியுங்கள். இந்த வேலைக்கு மழை பெய்த மறுநாள்தான் சரியான நாள்.

ஒரு வளைவைச் சொல்கிறேன். தடம் அங்கே சமதளமாக ஒரு பள்ளத்துக்குள் இறங்கும். முதல் மழையில் தவளை உட்காரும் அளவுக்கு ஒரு குட்டை. முதலில் வந்தவர் நடுவில் ஓட்டினார், அடுத்தவர் சேறு படாமல் ஓரமாகப் போனார். ஓரமும் சேறானதும் மூன்றாமவர் இன்னும் தள்ளிப் போனார். ஒரு கை நீள அகலத்தில் இருந்த தடம் அந்த மழைக்காலம் முடிவதற்குள் இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் போகும் அளவுக்கு விரிந்தது. நடுவில் இரண்டு மரத்தின் வேர்கள் தோல் உரிந்து வெளியே தெரிந்தன. யாரும் கெட்ட எண்ணத்தோடு ஓட்டவில்லை. தடம் போட்ட இடம்தான் தப்பு. இந்தப் படத்தை மறைக்காதீர்கள். உங்கள் விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் வைக்க வேண்டிய படமே இதுதான். இப்போது கட்டுப்பாடில்லாமல் இருப்பதால்தான் இப்படி ஆகிறது என்பதை நிர்வாகம் சொல்வதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுகிறீர்கள்.

அப்புறம் எண்ணிக்கை. இரண்டு வார இறுதி, நுழைவாயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மணிக்கு எத்தனை பேர் நடக்கிறார்கள், ஓடுகிறார்கள், ஓட்டுகிறார்கள், நாயோடு வருகிறார்கள் என்று கோடு போட்டு எண்ணுங்கள். ஸ்ட்ராவா போன்ற செயலிகளின் வரைபடமும் உதவும், ஆனால் அதில் பதிவு செய்பவர்கள் மட்டும்தான் தெரிவார்கள். நாயோடு வரும் தாத்தா அதில் இல்லை.

எதிர்ப்பவர்களை முதலில் சந்தியுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். நடைக் குழுவினர், பறவை பார்ப்பவர்கள், குதிரைக்காரர்கள், காப்பகத்தை ஒட்டிக் குடியிருப்பவர்கள் எல்லோரும் உங்கள் திட்டத்தைப் பொதுக்கூட்டத்தில் முதல் தடவையாகக் கேட்டால் எதிர்ப்பார்கள். நானாக இருந்தாலும் எதிர்ப்பேன்.

வரைபடத்தை எடுத்துக்கொண்டு நீங்களே போங்கள். வெற்று வரைபடமாக இருக்கட்டும், கோடு எதுவும் போடாதீர்கள். நாங்கள் அப்படிப் போனபோது, சைக்கிள் என்ற வார்த்தைக்கே முகம் சுளித்த ஒரு பெரியவர் கால் மணி நேரம் எங்களைத் திட்டினார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரைபடத்தின் வடகிழக்கு மூலையில் விரலை வைத்தார். “இந்த ஓடையோரம் மட்டும் வேண்டாம். கூடு கட்டுகிற இடம்.” மற்ற பக்கமெல்லாம்? தோளைக் குலுக்கினார். நாங்கள் அந்த மூலையை அப்போதே பென்சிலால் அடித்துவிட்டோம். பின்னால் நடந்த கூட்டத்தில் அவர் எங்களை ஆதரித்துப் பேசவில்லை. ஆனால் எதிர்த்தும் பேசவில்லை. அது போதும்.

பயம் பெரும்பாலும் வேகத்தைப் பற்றியது. பின்னாலிருந்து சத்தமில்லாமல் ஒரு வண்டி வந்து உரசிப் போனால் யாருக்கும் நெஞ்சு பதறும். ‘நாங்கள் கவனமாக ஓட்டுவோம்’ என்ற வாக்குறுதியால் அந்தப் பயம் போகாது. ஏறுவதற்கு ஒரு தடம், இறங்குவதற்கு ஒருவழித் தடம், சந்திப்புகளில் வண்டியை மெதுவாக்கும் நெளிவு, கூட்டம் அதிகமான நுழைவாயிலிலிருந்து தள்ளித் தொடங்குவது, மணி கட்டாயம் என்று தடத்திலேயே பதில் இருக்க வேண்டும்.

சைக்கிள் காட்டைக் கெடுக்குமா?

இந்தக் கேள்வி நிச்சயம் வரும். மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். மொன்டானாவில் செய்து 1994இல் வெளியான ஓர் ஆய்வில், குதிரைக் குளம்பும் மனிதக் காலும் சக்கரங்களை விட அதிக மண்ணைக் கிளப்பியது தெரிந்தது. கனடாவின் ஒன்டாரியோவில் செய்து 2001இல் வெளியான சோதனையில், 500 தடவை வரை நடந்தும் ஓட்டியும் பார்த்ததில் செடி அழிவிலும் மண் வெளிப்படுவதிலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. யூட்டா மாநிலத்தின் ஆன்டலோப் தீவில் செய்த 2003ஆம் ஆண்டு ஆய்வில் காட்டெருமை, மான், மான் போன்ற பிராங்ஹார்ன் மூன்றும் நடப்பவரைக் கண்டும் ஓட்டுபவரைக் கண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி மிரண்டன. தடத்திலிருந்து 100 மீட்டருக்குள் இருந்தவை ஓடிப்போகும் வாய்ப்பு 70 சதவீதம்.

ஆனால் இவற்றை வெற்றிக் கொடியாகத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். கடைசி ஆய்வின் இன்னொரு பக்கம், எந்தத் தடமும் தன் இரு பக்கமும் விலங்குகளின் இடத்தைத் தின்கிறது என்பது. ஒரு மணி நேரத்தில் நடப்பவரை விட ஓட்டுபவர் பல மடங்கு தூரம் போகிறார். வேகமான இறக்கத்தில் பிரேக் பிடித்துச் சறுக்கும் சக்கரமும், ஜம்ப்புக்காகத் தோண்டிய குழியும் அந்தச் சோதனைகளில் இல்லை. இதை நீங்களே ஒத்துக்கொண்டால் உங்கள் மற்ற வார்த்தைகளுக்கு மதிப்பு கூடும். மண்ணோடு பரவும் நோயையும் மறக்காதீர்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் செடிகளை வேரோடு சாகடிக்கும் ஃபைட்டோஃப்தோரா கிருமியும், நியூசிலாந்தில் கௌரி மரங்களைக் கொல்லும் அதன் உறவும் டயரிலும் செருப்பிலும் ஒட்டிய மண்ணோடு பயணம் செய்கின்றன. அப்படி ஆபத்துள்ள இடமென்றால் சக்கரம் கழுவும் இடத்தையும் திட்டத்தில் சேருங்கள்.

விண்ணப்பம்: கேட்பதோடு கொடுப்பதும்

இரண்டு பக்கம், ஒரு வரைபடம். அதற்கு மேல் போனால் படிக்க மாட்டார்கள். விவரம் எல்லாம் பின்னிணைப்பில் போகட்டும். எவ்வளவு கேட்கிறோம் என்பதை விட எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பது முதலில் வர வேண்டும். உதாரணமாக: இப்போதிருக்கும் திருட்டுத் தடங்கள் 9 கிலோமீட்டர். அதில் ஓடையோரமும் செங்குத்துச் சரிவும் சேர்ந்த 6 கிலோமீட்டரை நாங்களே மூடி, கிளை போட்டு, மண்ணைக் கிளறி, உள்ளூர்ச் செடி நட்டு மீட்டெடுக்கிறோம். மீதி 3 கிலோமீட்டரைச் சரிசெய்து முறைப்படுத்துங்கள், மேலே 2 கிலோமீட்டர் புதிதாகச் சேர்த்து ஒரு சுற்றாக்குங்கள். நிர்வாகத்தின் கணக்கில் மொத்தத் தடம் குறைகிறது, உங்கள் கணக்கில் ஓட்டக்கூடிய தடம் கிடைக்கிறது. இதற்கு ‘இல்லை’ சொல்வது கஷ்டம்.

முதல் சுற்று சுலபமானதாக இருக்கட்டும். குழந்தையோடு வரும் அப்பா ஓட்டக்கூடிய பச்சை வட்டம், அதிலிருந்து பிரியும் நீலச் சதுரம், பிறகு இடமிருந்தால் கறுப்பு வைரம். தடத்தின் கடினத்தைச் சொல்ல, பல நாடுகளில் பழகிப்போன குறியீடுகள் இவை. கறுப்பில் ஆரம்பித்தால் நூறு பேருக்கான தடம் கேட்கிறீர்கள். பச்சையில் ஆரம்பித்தால் கூட்டத்தில் உங்களுக்காகக் கைதூக்க ஆள் இருக்கும்.

நீரை நினைத்து வடிவமைத்த தடம்

அதிகாரிக்கு மிகவும் நம்பிக்கை தருவது எண்கள். தடக்காரர்கள் கைக்கொள்ளும் சில கணக்குகளைத் தெரிந்துகொண்டு போங்கள்.

தடத்தின் ஏற்றம், அது போகும் மலைச்சரிவின் பாதிக்கு மேல் போகக் கூடாது. சரிவு 12 சதவீதம் என்றால் தடம் 6 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. மீறினால் தண்ணீர் குறுக்கே கடந்து போகாமல் தடத்தையே வாய்க்காலாக்கிக்கொண்டு ஓடும். சரிவு எவ்வளவு செங்குத்தாக இருந்தாலும் மொத்தத் தடத்தின் சராசரி ஏற்றம் 10 சதவீதத்துக்குள், அதாவது 100 மீட்டர் போனால் 10 மீட்டர் உயரத்துக்குள் நிற்பது நல்லது. தடத்தின் மேற்பரப்பு பள்ளப் பக்கமாக 5 சதவீதம் சாய்ந்திருக்க வேண்டும். ஒரு மீட்டர் அகலத்துக்கு 5 சென்டிமீட்டர், கண்ணுக்குத் தெரியாத சாய்வு. இறங்கும் தடம் அங்கங்கே சில அடி ஏறி மறுபடி இறங்க வேண்டும். அந்தத் திருப்பத்தில் தண்ணீர் தடத்தை விட்டு வெளியேறிவிடும். ஓட்டுபவருக்கு அதுவே ஒரு சின்ன அலை போல இருக்கும், கூடுதல் சுகம்.

சரிவை அளக்கும் கிளினோமீட்டர் ஒன்று, கலர் ரிப்பன் ஒரு கட்டு, இரண்டு பேர். இவ்வளவுதான் கோடு போடத் தேவை. ரிப்பன் கட்டிய பாதையில் அதிகாரியை நடக்க வையுங்கள். அலுவலகத்தில் மூன்று கூட்டம் செய்யாததை அந்த ஒரு மணி நேர நடை செய்துவிடும்.

அதிகாரி எதற்குப் பயப்படுகிறார்

யாராவது விழுந்து வழக்குப் போட்டால் என்ன செய்வது, பணம் எங்கிருந்து வரும், இவர்களுக்குக் கொடுத்தால் அடுத்து மோட்டார் சைக்கிள்காரர்கள் வருவார்களே. பெரும்பாலும் இந்த மூன்றுதான். முதலாவதற்குப் பதில் காப்பீடு, கடினத்தைச் சொல்லும் பலகைகள், தேதியோடு எழுதிய ஆய்வுக் குறிப்பேடு. மூன்றாவதற்கு, மோட்டார் எதுவும் உண்டா இல்லையா என்பதை விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். மின்சைக்கிள் பற்றியும் இப்போதே முடிவெடுங்கள், பிறகு தலைவலி.

பணத்துக்குத்தான் பதில் கஷ்டம். கனடாவில் வான்கூவருக்கு வடக்கே உள்ள மலைகளில், தடங்கள் மூடப்படும் பயத்தில் 1997இல் உருவான நார்த் ஷோர் மவுண்டன் பைக் சங்கம் நல்ல முன்னுதாரணம். அங்கே ஒரு தடத்தை ஒரு தத்தெடுப்பவர் ஏற்றுக்கொள்ளும் முறை இருக்கிறது: பணம் ஒருவரிடமிருந்து, மண்வேலை தன்னார்வலர்களிடமிருந்து, அனுமதி நில நிர்வாகத்திடமிருந்து. உங்கள் அளவில், வருஷத்துக்கு இத்தனை வேலை நாள், இன்னார் பொறுப்பு, இத்தனை கருவி என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் அதற்குச் சமம். செய்ய முடிந்ததை மட்டும் எழுதுங்கள். பன்னிரண்டு நாள் என்று எழுதிவிட்டு நான்கு நாள் வருவதை விட, ஆறு என்று எழுதிவிட்டு எட்டு நாள் வருவது மேல்.

பொதுமக்கள் கருத்துக் கேட்கும்போது

ஒரே வாசகத்தை அச்சடித்து நானூறு பேர் அனுப்பினால் அது ஒரு கடிதமாகத்தான் எண்ணப்படும். நாற்பது பேர் தங்கள் சொந்த வார்த்தையில் எழுதினால் நாற்பது. என் மகள் இங்கேதான் ஓட்டப் பழகினாள், நான் தடம் வேலைக்கு மூன்று நாள் வந்தேன், நான் நடப்பவள் ஆனால் தனித் தடம் வந்தால் எனக்கும் நிம்மதி என்பது போல. ஓட்டாதவர்களின் கடிதம் இரண்டு மடங்கு கனம். கூட்டத்துக்கு வருபவர்களிடம் ஒன்று சொல்லுங்கள்: ஹெல்மெட்டும் முழங்கால் கவசமும் வேண்டாம், சாதாரணச் சட்டையில் வாருங்கள், எதிர்த்துப் பேசுபவர் பேசி முடிக்கும் வரை சிரிக்காதீர்கள்.

இல்லை என்று வந்தால்

எழுத்தில் காரணம் கேளுங்கள். மண் என்றால் இடம் மாற்றலாம், பணம் என்றால் திரட்டலாம், பறவை என்றால் அந்த மாதங்களில் மூடலாம். ‘கொள்கை’ என்று மட்டும் வந்தால் மேலாண்மைத் திட்டம் திருத்தப்படும் தேதி வரை பொறுங்கள். அதற்குள் பக்கத்தில் உள்ள வேறு நிலத்தில் ஒரு கிலோமீட்டராவது ஒழுங்காகப் போட்டுக் காட்டுங்கள். ஒரு வருஷ முன்னோட்டத்துக்குக் கேட்பதும் நல்ல வழி. நிரந்தரம் என்ற சொல்லுக்கு மிரளும் அதிகாரி, பன்னிரண்டு மாதம் என்றால் கையெழுத்துப் போடுவார். சில இடங்கள் உண்மையிலேயே தடத்துக்கு ஏற்றவை அல்ல. அதை ஏற்றுக்கொண்டு வேறு சரிவைத் தேடுவதில் அவமானம் ஒன்றுமில்லை.

திறந்த பிறகு

மூடுவதாகச் சொன்ன திருட்டுத் தடங்களை முதலில் மூடுங்கள். தடம் காட்டும் ட்ரெயில்ஃபோர்க்ஸ் போன்ற செயலிகளில் அவற்றை மறைக்கச் சொல்லிக் கேளுங்கள். செயலியில் கோடு இருக்கும் வரை யாராவது வந்துகொண்டேதான் இருப்பார்கள். ஈரத்தில் ஓட்டக் கூடாது என்றால் அதை நிர்வாகம் சொல்லும் வரை காத்திருக்காமல், உங்கள் குழுவே நுழைவாயிலில் பலகையைத் திருப்பி வைக்கட்டும்.

திறப்பு விழா அன்றைக்குக் கருவிகளைக் கழுவி உள்ளே வைத்துவிடாதீர்கள். முதல் பெரிய மழை பெய்யும்போது இரண்டு பேர் குடையோடு போங்கள், வண்டி வேண்டாம். தண்ணீர் எங்கே தடத்தைக் கடக்கிறது, எங்கே தடத்தோடு ஓடுகிறது என்று பாருங்கள். தடத்தோடு ஓடுகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு ரிப்பன் கட்டிவிட்டு வாருங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலை அங்கிருந்து ஆரம்பம்.